ஈகையும் விளம்பரமும்

உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியவிடத்து, மறுமைப் பயன் கருதி அறத்தை விலைப்படுத்தும் வணிகன் அவனல்லன் என்றார். வணிகரே அறஞ் செய்யப் புகின் யாது நிகழும் என்பது இக்காலத்து வினா.

2018ஆம் ஆண்டு டிசெம்பரிற் பெய்த பெருமழையால் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல ஊர்களை வெள்ளஞ் சூழ்ந்தது. காலபோகப் பயிர் வயலில் நிற்கும் காலம் அது. ஸ்கந்தபுரம் போன்ற உழவூர்களில் இத்தகைய வெள்ளத்தின் முழு நட்டமும் மாசி, பங்குனியிற் சூடடிக்கும்போதே புலப்படும். விதைநெல்லுக்கும் கடனுக்கும் வழி தேடவேண்டிய வேளையும் அதுவே. விளம்பரப் படமோ வெள்ளம் வடியுமுன் எடுக்கப்படுவது. நிறுவனத்தின் பெயர் பொறித்த பதாகையின்கீழ் உலருணவுப் பொதி பெறுபவரிடம் இசைவு கேட்டே படமெடுப்பினும், பசித்தவர் மறுப்பது எங்ஙனம்?

விளம்பரம் கொடையையே விஞ்சுவதும் உண்டு. அமெரிக்கப் புகையிலை நிறுவனமாகிய பிலிப் மொரிஸ் 1999இல் 7.5 கோடி டொலரை அறப்பணிகளுக்கு வழங்கிற்று. அதனைப் பறைசாற்ற 10 கோடி டொலர் செலவிட்டதாகச் செய்திகள் வெளிவந்தன.

இதனாற் கொடையை மறைத்தே செய்தல் வேண்டும் என்பது பெறப்படாது. பங்குதாரரின் பணத்தை வழங்குவோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், பெருங் கம்பனிகள் முந்திய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவும், அதனை ஆண்டறிக்கையிற் காட்டவும் விதிக்கின்றது. அவ்வறிக்கைக்குத் தொகையும் பணியும் இடமும் போதும். பெற்றவரின் முகத்தை அச்சட்டம் கேட்கவில்லை.