பைத்தானிடமே கேட்கலாம்

ரவுண்ட்(2.5) என்று கொடுத்தால் பைத்தான் 2 என்று விடை தருகிறது. ரவுண்ட்(3.5) என்று கொடுத்தால் 4 வருகிறது. 2.5-ஐ முழுமையாக்கினால் 3 என்று கணக்குப் பாடத்தில் படித்த மாணவர், "கணினி தப்பாகச் சொல்கிறதே, சார்?" என்று கேட்கத்தான் செய்வார். அப்போது ஆசிரியரே விளக்கிவிடலாம். அல்லது, இந்த விடை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று மாணவரைத் தேட வைக்கலாம். இரண்டாவது வழிக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் அடுத்த ஐயம் வரும்போது அந்த மாணவர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்.

12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இடம்பெற்றிருப்பதால், உதவி ஆவணங்களைத் தேடும் பழக்கத்தை அம்மொழியைக் கொண்டே தொடங்கலாம். இதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. பைத்தானை நிறுவும்போதே ஹெல்ப் என்னும் செயற்கூறும் உடன் வந்துவிடுகிறது. ஊடாடும் முறைமையில் ஹெல்ப்(ரவுண்ட்) என்று தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தினால் போதும். (இக்கட்டுரையில் தமிழில் தரப்பட்டுள்ள கட்டளைகளைக் கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.)

மாணவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. ஹெல்ப்(ஃபார்) என்று கொடுத்தால் தொடரியல் பிழை வரும். ஃபார், இஃப், வைல் போன்றவை சிறப்புச்சொற்கள் என்பதால் அவற்றை மேற்கோள் குறிக்குள் தர வேண்டும். ஹெல்ப்(சார்ட்) என்று கொடுத்தாலும் பிழைதான். சார்ட் தனித்து நிற்கும் செயற்கூறு அன்று, லிஸ்ட்டுக்கு உரியது. ஆகவே லிஸ்ட், புள்ளி, சார்ட் என்று சேர்த்து எழுத வேண்டும். ஒரு பெயர் எதற்குச் சொந்தமானது என்ற பாடத்தை இந்தப் பிழையே கற்றுத்தந்துவிடுகிறது. பெயரே தெரியாதபோது டிர்(லிஸ்ட்) என்று கேட்டால் லிஸ்ட்டில் உள்ள எல்லாப் பெயர்களும் வரிசையாக வரும். முன்னும் பின்னும் அடிக்கோடுகள் கொண்டவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஐடில் சாளரத்தில் உதவிப் பகுதி நீளமாக இருந்தால் அது சுருங்கி ஒரு சிறு பொத்தானாக நிற்கும். "ஒன்றுமே வரவில்லை" என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். அதன்மேல் இருமுறை சொடுக்கினால் விரியும். கறுப்புத் திரையில் பைத்தானை இயக்குவோர் நீண்ட உதவியிலிருந்து வெளியே வர 'க்யூ' எழுத்தை அழுத்த வேண்டும்.

வந்த உதவியைப் படிப்பதுதான் உண்மையான பாடம். சார்ட்டையே எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒரு லிஸ்ட்டை வரிசைப்படுத்தி, அதன் விடையை மீண்டும் அதே மாறியில் இருத்துகிறார். அச்சிட்டுப் பார்த்தால் 'நன்' என்று வருகிறது. எண்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. பைத்தானின் அண்மைப் பதிப்புகளில் சார்ட்டுக்கான உதவியின் முதல் வரியே இதற்கு விடை தருகிறது: லிஸ்ட்டை ஏறுவரிசையில் அடுக்கும், 'நன்' மதிப்பைத் திருப்பி அனுப்பும். அதாவது, இருக்கும் லிஸ்ட்டையே மாற்றுமே தவிரப் புதிதாக ஒன்றைத் தராது. உடனே ஹெல்ப்(சார்ட்டட்) கேட்கச் சொல்லுங்கள். அங்கே 'புதிய லிஸ்ட்' என்று இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த மாணவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

உதவியின் தலைப்பு வரியில் அடைப்புக்குறிக்குள் சமக்குறியுடன் வருபவை தானமைவு மதிப்புகள். நாம் எதுவும் தராவிட்டால் அவையே எடுத்துக்கொள்ளப்படும். பிரின்ட் ஏன் ஒவ்வொரு முறையும் அடுத்த வரிக்குப் போகிறது என்பது, அங்கே 'எண்ட்' என்பதற்கு எதிரே உள்ள குறியீட்டைப் பார்த்தால் புரியும். சில வரிகளில் சாய்கோடு ஒன்று நிற்கும். அது வகுத்தல் குறி அன்று. அதற்கு முன்னால் உள்ள அளபுருக்களைப் பெயர் சொல்லித் தர முடியாது, இடவரிசைப்படியே தர வேண்டும் என்பது அதன் பொருள். லென் செயற்கூற்றின் உதவியிலேயே இதைக் காணலாம்.

இந்த உதவியெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு தடையே. இருந்தாலும் ஆவண ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் போன்றதன்று. ரிட்டர்ன், கிவன், டீஃபால்ட், ஆப்ஷனல், ரெய்ஸ் என்று சில சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றைப் பொருளுடன் எழுதிவரச் செய்யலாம். ஆங்கில ஆசிரியர் ஒரு பாடவேளை உடனிருந்தால் இன்னும் நல்லது.

மறுபுறம், மாணவர்களே தமிழில் உதவி எழுதவும் முடியும். ஒரு செயற்கூற்றை வரையறுத்தவுடன், அதன் உடற்பகுதியின் முதல் கூற்றாக மூன்று மேற்கோள் குறிகளுக்குள் ஒரு விளக்கம் எழுதினால், ஹெல்ப் அதையே எடுத்துக் காட்டும். 'செவ்வகத்தின் நீளம், அகலத்தைப் பெற்று, பரப்பளவைத் திருப்பி அனுப்பும்' என்று தமிழிலேயே எழுதலாம். பைத்தான் 3 யூனிகோடை ஏற்பதால் ஐடிலில் தமிழ் எழுத்துகள் அப்படியே தெரியும். ஒருவர் எழுதிய செயற்கூற்றை அடுத்த இருக்கை மாணவர் நிரலைப் பார்க்காமல் உதவியை மட்டும் படித்துப் பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். எந்த விளக்கம் போதவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து, செயற்கூறு பாடத்தை இதைவிட நன்றாக மனத்தில் பதியவைக்கும் பயிற்சி இல்லை.

ரவுண்ட் கேள்விக்கு வருவோம். ஹெல்ப்(ரவுண்ட்) தரும் சில வரிகளில் 2.5-இன் புதிருக்கு விடை இல்லை. ஹெல்ப் சுருக்கமானது. விரிவு வேண்டுமென்றால் முழு ஆவணத்துக்குச் செல்ல வேண்டும். ஐடிலில் எஃப்1 விசையை அழுத்தினால் அது திறக்கும். அதில் பயிற்சிப் பாடம், நூலகக் கையேடு, மொழிக் கையேடு எனத் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. மொழிக் கையேடு இலக்கணம் போன்றது, பள்ளி மாணவர்களுக்குக் கடினம். நூலகக் கையேடு அகராதி போன்றது, பெரும்பாலான ஐயங்களுக்கு அதுவே போதும். அதில் உள்ளிணைந்த செயற்கூறுகள் பகுதியில் ரவுண்ட் பற்றிய பத்தியில் விடை இருக்கிறது: இரு முழு எண்களுக்கும் சம தொலைவில் இருந்தால் இரட்டை எண் தேர்ந்தெடுக்கப்படும். 2.5-க்கு 2, 3.5-க்கு 4. எப்போதும் மேல்நோக்கியே திருத்தினால் நிறைய எண்களைக் கூட்டும்போது மொத்தம் சற்று உயர்ந்துவிடும் என்பதே இம்முறையின் காரணம். கணினி தவறு செய்யவில்லை, வேறொரு மரபைப் பின்பற்றுகிறது. கணித ஆசிரியருக்கும் இது சுவையான செய்திதான்.

ஆய்வகத்தில் ஒரு முன்னேற்பாடு. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது விருப்பத் தேர்வுகளில் ஆவணங்களுக்கான கட்டம் உண்டு. அதில் குறியிட்டிருந்தால் முழு ஆவணமும் கணினியிலேயே இருக்கும். இல்லாவிட்டால் பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஒருமுறை பதிவிறக்கி, பென்டிரைவ் மூலம் எல்லாக் கணினிகளிலும் நகலெடுக்கலாம். கட்டணம் இல்லை. பதிவிறக்கும் முன், ஐடில் திறந்ததும் முதல் வரியில் தெரியும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்கான ஆவணத்தையே எடுக்க வேண்டும்.