பெண் பார்க்க வந்துபோகும் அணிகள்

2024 அக்டோபர் 3, 5 தேதிகளில் கனடாவின் கியூபெக் நகரத்தில் இரண்டு ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் நடந்தன. முதலாவதில் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி பாஸ்டன் புரூயின்ஸைச் சந்தித்தது. இரண்டாவதில் ஃபுளோரிடா பாந்தர்ஸைச் சந்தித்தது. மூன்றுமே அமெரிக்க அணிகள். வெற்றி தோல்வி எதுவும் புள்ளிப் பட்டியலில் ஏறாது. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள்தான். ஆனாலும் கிங்ஸ் அணியை அந்த ஊருக்கு வரவழைக்க கியூபெக் மாகாண அரசு 50 லட்சம் முதல் 70 லட்சம் கனடிய டாலர் வரை தர முன்வந்தது.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜி, பஜ்ஜி கொடுப்பது வழக்கம். வந்துபோகும் செலவையும் பெண் வீடே ஏற்றால் எப்படி? கியூபெக்கில் எழுந்த கேள்வியும் ஏறக்குறைய இதுதான்.

அணி போன ஊர்

கியூபெக் நகரத்துக்கு ஒரு காலத்தில் சொந்த அணி இருந்தது. பெயர் நோர்டிக்ஸ். வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் 1979இல் சேர்ந்தது. மாண்ட்ரியால் கனேடியன்ஸுடன் அது ஆடிய ஆட்டங்கள் ஒரே மாகாணத்துப் பங்காளிச் சண்டை போல இருந்தன.

1990களில் கணக்கு உதைத்தது. டிக்கெட் வருமானம் கனடிய டாலரில் வந்தது, வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில் போனது. புதிய அரங்கு கட்ட அரசு உதவியும் உரிமையாளர்கள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. 1995இல் அணி 7.5 கோடி அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டு டென்வர் நகருக்குப் போனது. பெயர் கொலராடோ அவலாஞ்ச் என்று மாறியது. போன முதல் சீசனிலேயே, 1996 ஜூனில், லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. இறுதிச் சுற்றில் அது தோற்கடித்தது ஃபுளோரிடா பாந்தர்ஸை. அதே பாந்தர்ஸ்தான் 28 ஆண்டுகள் கழித்து, நடப்பு சாம்பியனாகக் கியூபெக்குக்குப் பயிற்சி ஆட்டம் ஆட வந்தது.

பயிற்சி ஆட்டம் எதற்கு?

என்.எச்.எல். சீசன் வழக்கமாக அக்டோபர் வாக்கில் தொடங்கும். அதற்கு முன் செப்டம்பரில் அணிகள் முகாம் கூட்டும். சீசனில் ஓர் அணியின் பட்டியலில் 23 பேர்தான் இருக்கலாம். முகாமுக்கோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வருவார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்புவது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்ய இந்த ஆட்டங்கள் உதவுகின்றன. நட்சத்திரங்கள் சிலவற்றில் மட்டும் உடம்பைத் தளர்த்திக்கொள்ள இறங்குவார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் முற்றிலும் ஏமாறக் கூடாது என்பதற்காக, ஒவ்வோர் ஆட்டத்திலும் அனுபவமுள்ள வீரர்கள் எட்டுப் பேராவது ஆட வேண்டும் என்று லீக் விதி வைத்திருக்கிறது.

ஏன் வெளியூர்?

காரணம் வரவு செலவில் இருக்கிறது. வீரர்களின் சம்பளம் சீசன் தொடங்கிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். முகாம் நாட்களில் படிக்காசு மட்டும். ஆக, இந்த ஆட்டங்களில் செலவு குறைவு. ஆனால் சொந்த ஊரில் வருடம் முழுக்க நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் பார்க்கப்போகும் ரசிகர், கணக்கில் வராத ஆட்டத்துக்கு அவ்வளவாக அசைய மாட்டார். அணியே இல்லாத ஊரிலோ அதுவே அந்த வருடத்தின் ஒரே ஆட்டமாக இருக்கலாம். அங்கே அரங்கு நடத்துபவரோ, ஏற்பாட்டாளரோ, அரசோ ஒரு தொகைக்கு உத்தரவாதம் தந்துவிட்டால் அணிக்கு நஷ்ட பயம் இல்லை. புதுச் சந்தையில் பெயரும் பரவும்.

இந்தக் கலையில் கைதேர்ந்த அணி கிங்ஸ்தான். 1991 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல் வாகன நிறுத்துமிடத்தில், பாலைவன வெக்கையில், திறந்தவெளியில் பனித்தளம் அமைத்து நியூயார்க் ரேஞ்சர்ஸுடன் ஆடியது. பார்த்தவர்கள் 13,007 பேர். விளக்கு வெளிச்சத்துக்கு வந்த வெட்டுக்கிளிகள் பனியில் ஒட்டிக்கொண்டன. கிங்ஸ் 5-2 என்று வென்றது. 1997 முதல் 'ஃப்ரோசன் ஃபியூரி' என்ற பெயரில் வேகாஸிலும், 2018 முதல் சால்ட் லேக் சிட்டியிலும் அது பயிற்சி ஆட்டங்களை நடத்தியது. 2017இல் ஷாங்காய், பெய்ஜிங், 2023இல் மெல்பர்ன்.

ஆட்டம் வந்தால் அணி வருமா?

வேகாஸ், சால்ட் லேக் இரண்டுக்கும் பிறகு சொந்த அணி கிடைத்தது. அதனால் பயிற்சி ஆட்டம் நல்ல சகுனம் என்று ரசிகர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். வேகாஸில் புதிய அரங்கு எழுந்தது. பில் ஃபோலி என்ற தொழிலதிபர் சீசன் டிக்கெட்டுகளுக்கு ஆயிரக்கணக்கானோரிடம் முன்பணம் திரட்டிக் காட்டி, சேர்க்கைக் கட்டணமாக 50 கோடி டாலர் செலுத்தினார். சால்ட் லேக்கில் யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் ரயன் ஸ்மித்திடம் அரங்கும் பணமும் தயாராக இருந்தன. அந்த நேரத்தில் அரிசோனா கயோட்டீஸ் அணி ஒரு பல்கலைக்கழகத்தின் சிறிய அரங்கில் ஒண்டிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் 120 கோடி டாலருக்குக் கைமாறி, வீரர்கள் யூட்டாவுக்கு வந்தார்கள்.

மறுபக்கம் கான்சாஸ் சிட்டி. 2007இல் அங்கே பெரிய அரங்கு திறந்தார்கள். அதே காலத்தில் பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் அந்த ஊரோடு பேச்சு நடத்தியது. சொந்த ஊரில் புது அரங்குக்கு ஒப்பந்தம் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிட்டது. பயிற்சி ஆட்டங்கள் கான்சாஸ் சிட்டிக்கும் வந்தன. அணி வரவில்லை.

கியூபெக்கின் தடை எது?

அரங்கு இல்லை என்று சொல்ல முடியாது. சுமார் 37 கோடி கனடிய டாலரில், பொதுப் பணத்தில் கட்டிய வீடியோட்ரான் சென்டர் 2015 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஹாக்கிக்கு 18,259 இருக்கைகள். அதே மாதம் மாண்ட்ரியாலும் பிட்ஸ்பர்க்கும் அங்கே பயிற்சி ஆட்டம் ஆடின. கியூபெக்கோர் என்ற ஊடக நிறுவனம் அணி கேட்டு விண்ணப்பித்தது. அந்தச் சுற்றில் கடைசிவரை களத்தில் நின்றவை இரண்டே விண்ணப்பங்கள்: வேகாஸ், கியூபெக். 2016 ஜூனில் வேகாஸுக்குச் சம்மதம் கிடைத்தது. கியூபெக்கின் விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. லீக் சொன்ன காரணங்கள் இரண்டு: கனடிய டாலரின் வீழ்ச்சி, கிழக்குப் பிரிவில் ஏற்கெனவே 16 அணிகள், மேற்கில் 14தான்.

இவற்றில் எதையும் இரண்டு பயிற்சி ஆட்டங்கள் மாற்றிவிட முடியாது. கியூபெக்கில் ரசிகர் உண்டா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் இல்லாத ஒன்றை நிரூபிக்கத்தான் அரசு பணம் கொடுத்தது. 2023 நவம்பரில் நிதியமைச்சர் எரிக் ஜிரார் இதை அறிவித்தபோது, அரசு ஊழியர் சங்கங்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தக் களத்தில் இருந்தன. கண்டனம் கடுமையாக எழுந்ததில் வியப்பில்லை.

இனி இத்தகைய வாய்ப்பும் சுருங்கும். லீகும் வீரர்கள் சங்கமும் 2025இல் செய்த ஒப்பந்தப்படி, 2026-27 சீசன் முதல் ஆட்டங்கள் 82இலிருந்து 84 ஆகின்றன. பயிற்சி ஆட்டம் ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்குதான்.

என்.எச்.எல். அணி இல்லை என்பதற்காக வீடியோட்ரான் சென்டர் பூட்டிக் கிடக்கவில்லை. ரெம்பார்ட்ஸ் என்ற இளையோர் அணி அங்கேதான் ஆடுகிறது. 2023இல் கனடாவின் இளையோர் பட்டமான மெமோரியல் கோப்பையை அது வென்றபோது பயிற்சியாளராக நின்றவர் பாட்ரிக் ருவா. கியூபெக் நகரத்தில் பிறந்தவர். 1996இல் கொலராடோ கோப்பை வென்றபோது கோல் காத்தவர். ஊரைவிட்டுப் போன அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த கை, ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றை வாங்கித் தந்தது.