வீடு தேடிய சிறுவன்

தமிழில் 'வீடு' என்னும் சொல் இல்லத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். கொழும்பில் பிறந்து, 1983 இனக்கலவரத்தின்பின் கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை 1994-இல் எழுதிய 'ஃபன்னி பாய்' என்னும் ஆங்கில நாவல் இவ்விரண்டையும் தேடும் கதை. மணப்பெண் வேடமிட்டு விளையாடிய தமிழ்ச் சிறுவன் அர்ஜியைப் பெற்றோர் பெண்பிள்ளைகளோடு சேரவிடாமல் தடுக்கின்றனர். வளர்ந்தபின் சிங்கள மாணவன் ஷெகான்மீது காதல் கொள்கிறான். கலவரத்தில் வீடு எரிகிறது. காதலனைப் பிரிந்து குடும்பத்தோடு கனடா செல்கிறான். தீபா மேத்தா இதை 2020-இல் படமாக்கினார்.

1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தோருக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கிய நீலகிரியில், வீடிழந்தோர் துயர் நாமறிந்ததே. வீட்டுக்குள்ளேயே வீடிழந்தவர் துயரை அறிவோமா? தன்பால் உறவு குற்றமன்று என 2018-இல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் திறந்த கதவை இல்லமும் திறக்கட்டும்!