ஏர்பேக் இருந்தும் பூஜ்ஜியம்

2016 மே மாதம், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சிறு கார்கள் சிலவற்றை மோதவிட்டுப் பார்த்தது. சென்னை அருகே ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட்டும் அவற்றில் ஒன்று. மூன்று விதமான க்விட்டைச் சோதித்தார்கள். மூன்றுக்கும் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம். அந்த மூன்றில் ஒன்றில் ஓட்டுநருக்கு ஏர்பேக் இருந்தது.

சோதனை வேகம் மணிக்கு 64 கி.மீ. ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே யாரும் வெகு சாதாரணமாகப் போகிற வேகம்தான். ஆனால், அந்த வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்க மாட்டார். அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை நோக்கிப் போவார்.

அவருக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஏர்பேக் வந்தாக வேண்டும். வேகம் எப்படிச் சரிகிறது என்பதை சென்சார்கள் அளக்கின்றன. சக்கரம் பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சியா, நிஜமான மோதலா என்பதைச் சுமார் 20 மில்லி விநாடிக்குள் சின்னக் கணினி ஒன்று தீர்மானிக்கிறது. மின்பொறி பாய்கிறது. ரசாயன வில்லைகள் பற்றியெரிந்து வாயுவைக் கக்குகின்றன. முன்பு இதற்கு சோடியம் அசைடு பயன்பட்டது. இப்போது பெரும்பாலும் குவானிடின் நைட்ரேட். அடுத்த 30 மில்லி விநாடியில் நைலான் பை விரிந்து நிற்கும். அதற்குள் ஒருவரால் கண்ணைச் சிமிட்டி முடிக்க முடியாது.

விரிவது பாதி வேலைதான். தலை வந்து பதியும்போது பை இறங்கிக்கொண்டே போக வேண்டும். அதற்காகவே பின்பக்கம் துளைகள் வைத்திருக்கிறார்கள். காற்று இறுகிய கால்பந்தில் மோதினால் தலை திருப்பி எறியப்படும். காற்றிறங்கும் தலையணை அதை மெல்ல நிறுத்தும். சீட் பெல்ட் போடாதவருக்கோ இந்தக் கணக்கெல்லாம் தப்பிவிடும். பை விரியும்போதே அவர் அதன்மேல் போய் விழுவார். காக்க வந்த பையே முகத்தில் குத்தும். பம்பருக்கு முன்னால் அழகுக்கு மாட்டும் இரும்புக் கம்பி இன்னொரு கேடு. மோதலின் விசையை வேறு வழியில் திருப்பி, சென்சாரைக் குழப்பக்கூடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது: காரின் கூடு. 2014 நவம்பரில், க்விட் தயாரான அதே ஒரகடம் ஆலையில் உருவான டட்சன் கோ சோதனையில் நொறுங்கியது. அதில் ஏர்பேக்கே கிடையாது. ஆனால், கூடு இப்படி மடங்குமானால் ஏர்பேக் மாட்டியும் பயனில்லை என்றது குளோபல் என்கேப். அதன் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி, காரை விற்பனையிலிருந்து விலக்கச் சொல்லி, டட்சனை விற்ற நிஸானின் அப்போதைய தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதமே எழுதினார். ஏர்பேக் விரிய இடம் வேண்டுமே! ஸ்டீயரிங்கே மார்புக்கு வந்துவிட்டால் பை எங்கே விரியும்?

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. கார்களுக்கு நட்சத்திரம் தரும் இந்தியாவின் சொந்தத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. கார்களை மோதிப் பார்க்கும் ஆய்வகம் இப்போது ஒரகடத்திலேயே, குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் இருக்கிறது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நடத்தும் ஹூண்டாய், 2023 அக்டோபரில் தன் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது.

ஆறில் இரண்டு முன்னால், இரண்டு முன் இருக்கைகளின் விலாவில், இரண்டு ஜன்னலோரத் திரைகளாக. நேருக்கு நேர் மோதும்போது பின் சீட்டில் இருப்பவர் முன்னால் எந்தப் பையும் விரியாது. அவருக்கு பெல்ட் மட்டும்தான். அதன் கொக்கி பல கார்களில் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.