கடலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள்!



கூட்டமான டவுன் பஸ் வந்து நின்றதும், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'துண்டு என்னுடையது; அதனால் சீட்டும் என்னுடையது' என்பது அவர்கள் வாதம். அதற்காகப் பெரிய சண்டையே நடப்பதும் உண்டு!

கடலிலும் இப்படி இடம் பிடிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

1999-ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாடு, தன் பழைய கடற்படைக் கப்பல் ஒன்றைத் தென் சீனக் கடலில் ஒரு பவளத் திட்டின்மேல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது. கப்பலின் பெயர் 'சியரா மாட்ரே'. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கட்டப்பட்டது. காயலான் கடைக்குப் போக வேண்டிய வயது! ஆனால், துருப்பிடித்த அந்தக் கப்பலில் பிலிப்பைன்ஸ் வீரர்கள் சிலர் மாறி மாறிக் காவல் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் படகுகளைச் சீனக் காவல் கப்பல்கள் மறித்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தன. 2024 ஜூன் 17-இல் நடந்த மோதலில் ஒரு வீரரின் கட்டை விரலே துண்டாகிப் போனது. அதற்கு அடுத்த மாதம்தான், சாப்பாட்டுப் படகு போய்வர இரு நாடுகளும் ஒரு தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன.

ஓட்டைக் கப்பலுக்கும் தண்ணீரில் கிடக்கும் பாறைக்கும் ஏன் இந்த அடிதடி?

அட்லஸை எடுத்து விரியுங்கள். சீனாவுக்குத் தெற்கே பாருங்கள். ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். நம் இந்தியாவைவிடச் சற்றுப் பெரியது! சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே, வியட்நாம் எல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. உலகக் கடல் வணிகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்த வழியாகத்தான் போகிறது. மீனும் ஏராளம். கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் உண்டு.

நான் பாடம் எடுத்த நாளில் ஒரு பையன் எழுந்து, "சார், கடலுக்கு யார் பட்டா கொடுப்பாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால், அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை.

கரையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரைதான் ஒரு நாட்டின் கடல் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு மூன்று மைல் என்று வைத்துக்கொண்டார்கள். 1982-இல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை உருவானது. அதன்படி கரையிலிருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை அந்த நாட்டின் சொந்தக் கடல். 200 கடல் மைல் (சுமார் 370 கி.மீ.) வரை மீனும் எண்ணெயும் எடுக்கும் உரிமை அந்த நாட்டுக்கே.

இங்கேதான் சூட்சுமம்! மனிதர் வாழத் தகுந்த இயற்கைத் தீவுக்கும் இதே 200 மைல் உண்டு. வாழ முடியாத வெறும் பாறைக்கு 12 மைல்தான். கடல் நீர் ஏறும்போது மூழ்கிவிடும் திட்டுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வட்டத்தின் பரப்பளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாறை என்றால் சுமார் 1,550 சதுர கி.மீ. தீவு என்றால் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம்! மூன்று தமிழ்நாட்டைவிடப் பெரிய கடல்.

1947-இல் அன்றைய சீன அரசு வெளியிட்ட வரைபடத்தில், இந்தக் கடலின் பெரும்பகுதியை வளைத்துக் கோடுகள் போட்டிருந்தார்கள். 'எங்கள் மீனவர்கள் பழங்காலம் தொட்டு அங்கே போய் வருகிறார்கள்' என்பது சீனாவின் வாதம். 2013 முதல் 2015 வரை ஏழு திட்டுகளில் கடலடி மணலை வாரிக் கொட்டி, செயற்கைத் தீவுகளை எழுப்பினார்கள். மூன்றில் விமான ஓடுதளமே இருக்கிறது. அந்த மணலுக்கடியில் அழிந்த பவளப் பாறைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை. வியட்நாமும் 2021-க்குப் பிறகு தன் வசமுள்ள திட்டுகளில் மணலைக் கொட்டி வருகிறது.

சீனாவின் மனசில் ஒரு பழைய வடு உண்டு. 1839 முதல் 1842 வரை நடந்த அபினிப் போரில், பிரிட்டன் கடல் வழியாக வந்து சீனாவைத் தோற்கடித்து, ஹாங்காங் தீவை எடுத்துக்கொண்டது. வலுவான கடற்படை இல்லாததால் வந்த அவமானம் அது. இன்று சீனாவிடம் பணம் இருக்கிறது, கப்பல்களும் இருக்கின்றன. கையில் காசு சேர்ந்ததும் வேலியைத் தள்ளிப் போடும் ஆசை வருகிறது. பயமும் இருக்கிறது. சீனாவுக்கு வரும் எண்ணெயில் பெரும்பங்கு மலாக்கா ஜலசந்தியைக் கடந்து இந்தக் கடல் வழியாகத்தான் போகிறது. சண்டை வந்து யாராவது வழியை அடைத்துவிட்டால்?

சீனா மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கா வளர்ந்துவந்த காலத்தில், 1856-இல் ஒரு சட்டம் போட்டது. பறவை எச்சம் குவிந்துகிடக்கும் ஆளில்லாத தீவை அமெரிக்கர் யாராவது கண்டுபிடித்தால், அதை அமெரிக்காவுக்கு உரியது என்று அறிவித்துவிடலாம்! எச்சம் நல்ல உரமாயிற்றே! 1898-இல் ஸ்பெயினோடு போரிட்டு வென்று, பிலிப்பைன்ஸையே எடுத்துக்கொண்டது. 1946-இல்தான் அதற்கு விடுதலை.

2013-இல் பிலிப்பைன்ஸ் வழக்குப் போட்டது. 2016 ஜூலை 12-இல், நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருந்த நடுவர் மன்றம், அந்தக் கோடுகளைக் காட்டிக் கடல் வளத்துக்கு உரிமை கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. சீனா தீர்ப்பை ஏற்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்றக் கடலில் போலீஸ் ஸ்டேஷனா இருக்கிறது?

அதே தீர்ப்பில் ஸ்கார்பரோ திட்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் கரையிலிருந்து சுமார் 220 கி.மீ. தொலைவு. புயல் வந்தால் மீனவர்கள் ஒதுங்கும் அமைதியான நீர்ப்பரப்பு அதன் நடுவே இருக்கிறது. 2012-இல் இருந்து அது சீனாவின் கட்டுப்பாட்டில். பிலிப்பைன்ஸ், சீனா, வியட்நாம் மீனவர்கள் எல்லாருமே அங்கே காலங்காலமாக மீன் பிடித்தவர்கள். பிலிப்பைன்ஸ் மீனவர்களைச் சீனா தடுத்தது தவறு என்றது மன்றம். 2025 செப்டம்பரில் சீனா அந்தத் திட்டின் ஒரு பகுதியை இயற்கைக் காப்பகம் என்று அறிவித்தது.

இருபுறமும் மூங்கில் கட்டிய மரப்படகுகளில் பிலிப்பைன்ஸ் மீனவர்கள் இன்னமும் அந்தப் பக்கம் போகிறார்கள். அவர்களுக்கு நடுக்கடலிலேயே டீசல் கொடுத்து அனுப்புகிறது அவர்கள் அரசு. திட்டுக்குள் போக முடியாமல், எட்ட நின்று தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.