முதற்கணினிக்கு உறுப்புகள் தேர்தல்

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் அமைந்துள்ளது பாரிவாக்கம். அங்குள்ள ஒரு வீட்டில் கணினி ஒன்றை உறுப்பு உறுப்பாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்ள எண்ணுவோர், பெரும்பாலும் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை நாடுவர். ஒருகாலத்தில் வானொலி உதிரிப்பொருள்களுக்குப் பெயர்பெற்ற அத்தெரு, இன்று கணினி உறுப்புகளின் பெருஞ்சந்தை. அடுத்துள்ள நரசிங்கபுரம் தெருவும் அத்தகையதே. அங்கு எந்த உறுப்பும் கிடைக்கும்; அவை ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்ப்பது வாங்குவோர் பொறுப்பு. தவறான உறுப்பை வாங்கி வந்தால் மீண்டும் பேருந்தேறும் அலைச்சலோடு அது முடிவதில்லை. உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கலாம். மாதந்தோறும் சிறுகச் சேர்த்த பணம், பயன்படாத பொருளாக மேசைமேல் கிடக்கும்.

நுண்செயலி

கணக்கீடுகள் யாவற்றையும் செய்வது நுண்செயலி. 1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய வீட்டுக் கணினியின் செயலியிலோ அவை பல நூறு கோடி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 'சக்தி' என்னும் பெயரில் நுண்செயலிகளை வடிவமைத்துள்ளது. 2018-இல் அவற்றுள் ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் இயக்கிக் காட்டப்பட்டது. எனினும், வீட்டுக் கணினிக்கெனக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களின் செயலிகளே.

செயலியைத் தேர்வதற்குமுன் செய்யவிருக்கும் பணியைத் தேர வேண்டும். பாடம் படித்தல், தட்டச்சு, நிரலாக்கப் பயிற்சி ஆகியவற்றுக்கு நான்கு அல்லது ஆறு உள்ளகங்கள் கொண்ட செயலி போதும். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை போன்றவற்றுக்கே கூடுதல் உள்ளகங்கள் பயன்தரும். கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் கொண்டு வேகத்தை மதிப்பிடுவதும் பிழை. புதிய தலைமுறைச் செயலி, அதே எண்ணில் பழையதைவிட மிகுதியான வேலையைச் செய்யக்கூடும். செயலிக்கே பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு நினைவகத்தில் சிக்கனம் பார்ப்பது, அகன்ற வாய்க்காலை வெட்டி மடையைக் குறுக்குவதற்கு ஒப்பாகும்.

பலர் இடறும் இடம் பெயரின் இறுதி எழுத்து. இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என முடிந்தால் அதனுள் வரைகலைப் பகுதி இல்லை என்பது பொருள். அதன் விலை சற்றுக் குறைவு. அக்குறைவே வாங்கத் தூண்டும். தனி வரைகலை அட்டை வாங்காதவர் வீட்டில், எல்லா உறுப்புகளையும் சரியாகப் பொருத்திய பின்னும் திரை இருண்டே கிடக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் முறை வேறு. அதில் பெரும்பாலும் 'ஜி' என முடியும் செயலிகளிலேயே வரைகலைப் பகுதி உண்டு. ஆறு உள்ளகங்கள் கொண்ட ரைசன் 5 5600ஜி அதற்கோர் எடுத்துக்காட்டு.

பொருத்தம்

செயலி அமரும் இடம் தாய்ப்பலகையிலுள்ள பொருத்துவாய். ஏஎம்4 பொருத்துவாய் கொண்ட பலகை டிடிஆர்4 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். 2022-இல் வந்த ஏஎம்5, டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ1700 பொருத்துவாயில் இருவகைப் பலகைகளும் உள்ளமையால், பலகையின் பெயரை முழுமையாகப் படித்தறிவது நன்று. இரு நினைவகங்களிலும் 288 தொடுமுனைகளே உள்ளன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திச் செருக முயன்றால் பலகை பழுதாகும். பொருத்துவாய் ஒன்றாயினும், பழைய பலகை புதிய செயலியை அறிந்துகொள்ள அதன் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். அதனைக் கடையிலேயே செய்து தரக் கேட்பது அலைச்சலைத் தவிர்க்கும்.

16 ஜிபி நினைவகம் தேவையெனில், ஒரே பட்டையாக வாங்குவதைவிட 8 ஜிபி பட்டைகள் இரண்டாக வாங்குவது மேல். தரவு இரு வழிகளில் செல்வதால், தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் வேறுபாடு நன்கு புலப்படும். சேமிப்புக்கு, சுழலும் வன்தட்டைவிட எஸ்எஸ்டி பன்மடங்கு விரைவானது.

மின்வழங்கியைக் கடைசியாக, மிஞ்சிய பணத்தில் வாங்கும் வழக்கம் உண்டு. வருந்தத்தக்க வழக்கம் அது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட் முதலிய நேர்மின்னோட்டமாக மாற்றி எல்லா உறுப்புகளுக்கும் ஊட்டுவது அதுவே. தரம் குறைந்த மின்வழங்கி பழுதாகும்போது தாய்ப்பலகையையும் உடன்கொண்டு போகக்கூடும். சென்னைப் புறநகரின் கோடையையும் மறத்தலாகாது. செயலி அளவுமீறிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமற்ற பெட்டிக்குள் விலையுயர்ந்த செயலியும் தளர்ந்தே இயங்கும். சாலையோர வீடாயின் புழுதியைத் தடுக்கும் வலையுள்ள பெட்டி வேண்டும்.

பொருத்தத் தொடங்குமுன் கைகளிலுள்ள நிலைமின்னேற்றம் நீங்க, மண்தொடர்பு உள்ள உலோகப் பரப்பைத் தொடுதல் வேண்டும். செயலியை அழுத்தாமல், மூலையிலுள்ள முக்கோணக் குறிகள் இணையுமாறு வைத்தால் அது தானே அமரும். வெப்பக் களிம்பு பட்டாணி அளவு போதும். விசிறியுடன் வரும் குளிர்விப்பானில் அது முன்பே பூசப்பட்டிருப்பின் அதுவும் வேண்டா. பெட்டியின் மூடியை உடனே மூடிவிடாமல் ஒருமுறை மின்னிணைப்புக் கொடுத்துப் பார்க்கலாம். பயாஸ் திரையில் செயலியின் பெயரும் நினைவகத்தின் முழு அளவும் சரியாகத் தோன்றினால், மின்னிணைப்பைத் துண்டித்து மூடியைத் திருகிய பின் இயங்குதளத்தை நிறுவத் தொடங்கலாம்.