செல்பேசிச் சேவையின் தொடர்ச்சி: கோபுரங்களுக்கிடையேயும் நிறுவனங்களுக்கிடையேயும்

1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, கல்கத்தாவிலிருந்து புதுதில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் செல்பேசி வழியே உரையாடினார். நம் நாட்டில் செல்பேசிச் சேவையின் தொடக்கம் அதுவே எனலாம். அன்று செல்வர்களின் சாதனமாக இருந்த செல்பேசிக்கு இன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. பணப் பரிமாற்றம், அரசின் நலத் திட்டங்கள், 112 என்னும் அவசர உதவி எண் ஆகிய அனைத்தும் இச்சேவையையே சார்ந்து நிற்கின்றன. எனவே சேவை இருக்கிறதா என்பதோடு, அது இடையறாது கிடைக்கிறதா என்பதும் வளர்ச்சியின் அளவுகோல் ஆகிவிட்டது. இத்தொடர்ச்சி எவ்வாறு காக்கப்படுகிறது, எங்கே தவறுகிறது என்பதை அறிதல் பயனுடைத்து.

செல் அமைப்பின் அடிப்படை

வானொலி அலைவரிசை அளவிற்குட்பட்ட ஒரு தேசியச் செல்வம். ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய கோபுரத்தை அமைத்தால், ஒரே சமயத்தில் மிகச் சிலரே பேச இயலும். நிலப்பரப்பைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்த ஆற்றலுடைய கோபுரத்தை நிறுவினால், அதே அலைவரிசையைச் சற்றுத் தொலைவில் மீண்டும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947ஆம் ஆண்டிலேயே இக்கருத்து எழுந்தது. அவ்வட்டாரமே 'செல்' எனப்படுகிறது.

ஆனால் இச்சிக்கன முறை புதிய சிக்கல் ஒன்றையும் உடன் கொணர்ந்தது. பேசிக்கொண்டே பயணம் செய்பவர் ஒரு செல்லின் எல்லையைக் கடக்கும்போது உரையாடல் அறுந்துவிடக் கூடாது. ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்திற்கு அழைப்பை ஒப்படைக்கும் முறைக்கு, அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆமோஸ் ஜோயல் 1972இல் காப்புரிமை பெற்றார். இவ்வொப்படைப்பைக் 'கைமாற்றம்' என்போம்.

கைமாற்றம் நிகழும் விதம்

அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே செல்பேசி தன் கோபுரத்தின் அலை வலிமையையும் அண்டைக் கோபுரங்களின் வலிமையையும் அளந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். முறையில், வலிமை மிக்க ஆறு அண்டைக் கோபுரங்கள் வரை, வினாடிக்கு ஏறத்தாழ இரு முறை வலையமைப்பிற்கு அறிக்கை செல்கிறது. அளப்பது செல்பேசி; முடிவெடுப்பது வலையமைப்பு. அழைப்பு ஏதுமின்றிச் செல்பேசி ஓய்ந்திருக்கும்போது மட்டும், வலையமைப்பு வகுத்த விதிகளின்படி எந்தக் கோபுரத்தைச் சார்வது என்பதைச் செல்பேசியே தேர்ந்துகொள்கிறது.

அண்டைக் கோபுரம் சற்றே வலிமை கூடியவுடன் மாற்றம் செய்வதில்லை. குறித்த ஓரளவிற்கு மேல் வலிமை கூடியிருக்கவும் வேண்டும். குறித்த நேரம் அது நீடிக்கவும் வேண்டும். இல்லையேல் எல்லையில் நிற்பவரின் அழைப்பு இரு கோபுரங்களுக்கிடையே பந்துபோல் மாறி மாறி எறியப்படும். அந்த இடைவெளி மிகுந்துவிட்டாலோ, விரைந்து செல்லும் இரயிலில் இருப்பவருக்கு மாற்றம் காலந்தாழ்ந்து வந்து அழைப்பு அறுபடும். அடுத்த செல்லில் இடமில்லாமை, அண்டைக் கோபுரங்களின் பட்டியலில் விடுபாடு, இடையில் குன்றுகள் அல்லது கட்டடங்கள் ஆகியனவும் கைமாற்றம் தவறுவதற்குக் காரணங்களாம்.

நான்காம் தலைமுறை வலையமைப்பு தரவுகளுக்கென்றே அமைக்கப்பட்டது. அதன் வழியே குரலை அனுப்பும் வசதி இல்லாத இடத்தில், அழைப்பு வந்தவுடன் செல்பேசி பழைய தலைமுறை வலையமைப்பிற்கு இறங்கியாக வேண்டும். இதுவும் ஒருவகை மாற்றமே. இணைப்புக் கிட்டுவதில் ஏற்படும் தாமதத்திற்கு இது ஒரு காரணம்.

சராசரி மறைப்பது எது?

அறுபடும் அழைப்புகள் நூற்றுக்கு இரண்டிற்கு மேற்படக் கூடாது என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த அளவு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்திற்கு ஒரு பகுதியில் 1,000 செல்கள் உள்ளன. எல்லாவற்றிலும் அழைப்புகள் சம எண்ணிக்கையில் எழுகின்றன. அவற்றுள் 950 செல்களில் நூற்றுக்கு ஒன்றும், எஞ்சிய 50 செல்களில் நூற்றுக்குப் பதினைந்தும் அறுபடுகின்றன எனக் கொள்வோம். மொத்தச் சராசரி 1.7 விழுக்காடே. ஏட்டளவில் அந்நிறுவனம் தேறிவிடும். ஐம்பது வட்டாரங்களின் மக்களோ நாள்தோறும் அல்லலுறுவர்.

இக்குறையைக் களையும் நோக்குடன் ஆணையம் 2017இல் அளவிடும் முறையை மாற்றியது. குறைந்தது 90 விழுக்காட்டு நாட்களில், 97 விழுக்காட்டுச் செல்களிலாவது அறுபடும் அழைப்புகள் 3 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்பது புதிய அளவுகளுள் ஒன்று. நம் கணக்கின் நிறுவனம் இதில் தேறாது. 2024ஆம் ஆண்டு விதிமுறைகள், சேவை கிடைக்கும் பகுதிகளின் வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் எனவும் பணித்தன. முன்னதாக, அறுபட்ட அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று அழைப்புகள் வரை இழப்பீடு வழங்க வேண்டும் என 2015இல் ஆணையம் பிறப்பித்த விதியை, உச்ச நீதிமன்றம் 2016 மே திங்களில் செல்லாதென அறிவித்தது. ஆகவே தரத்தைக் காக்கும் பொறுப்பு பெரிதும் சரியான அளவீட்டையும் கண்காணிப்பையும் சார்ந்துள்ளது.

நிறுவன எல்லை

இதுவரை கூறியவை ஒரே நிறுவனத்தின் கோபுரங்களுக்கிடையே நிகழ்பவை. தன் நிறுவனத்தின் அலை முற்றிலும் அற்றுப்போன ஊரில் செல்பேசி என்ன செய்யும்? வேறொரு நிறுவனத்தின் கோபுரம் கண்ணெதிரே நிற்கலாம். அதன் அலையைச் செல்பேசி உணரவும் கூடும். ஆயினும் இரு நிறுவனங்களுக்கிடையே உடன்பாடு இல்லையெனில் வழக்கமான சேவை மறுக்கப்படும். கருவி ஆயத்தமாகவே உள்ளது; தடையாய் நிற்பது வணிக ஏற்பாடு.

வெளி மாநிலம் செல்வோர்க்குக் கிட்டும் ரோமிங் வசதியை ஒரே தொலைத்தொடர்பு வட்டத்திற்குள்ளும் அளித்தால் இத்தடை நீங்கும். இதில் இருபக்க வாதமும் உண்டு. பெரும் முதலீடு செய்து சிற்றூரில் கோபுரம் எழுப்பிய நிறுவனம், அதைப் போட்டியாளருக்குத் திறந்துவிட வேண்டுமெனில், முதலீட்டு ஆர்வம் குன்றலாம். ஆனால் மக்கள் குறைந்த மலைக்கிராமத்தில் நான்கு நிறுவனங்கள் நான்கு கோபுரங்களை எழுப்புவது நாட்டின் செல்வத்தை விரயமாக்குவதாகும். அக்கோபுரம் பொதுப் பணத்தில் எழுந்ததாயின், அதை ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கென ஒதுக்குவது எவ்வகையிலும் பொருந்தாது.

அத்தகைய பொதுப் பணம் நம்மிடம் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைக் கொண்டு 2002இல் தொடங்கப்பட்ட அனைவருக்கும் சேவை நிதியம், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தால் 'டிஜிட்டல் பாரத் நிதி' ஆயிற்று. அதன் உதவியால் எழுந்த நான்காம் தலைமுறைக் கோபுரங்களைப் பிற நிறுவன வாடிக்கையாளரும் பயன்படுத்தும் திட்டம் 2025 ஜனவரி 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 27,000 கோபுரங்கள் வழியே 35,400க்கும் மேற்பட்ட கிராமங்கள் பயனுறும் என அப்போது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரில் வெள்ளம் தகவல் தொடர்பைக் குலைத்தபோது, எந்த நிறுவனத்தின் வலையமைப்பு இயங்குகிறதோ அதை அனைவரும் பயன்படுத்துமாறு தொலைத்தொடர்புத் துறை இவ்வசதியைத் தற்காலிகமாக நடைமுறைப்படுத்தியது.

செய்ய வேண்டுவன

உடன்பாடு ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நடந்துகொண்டிருக்கும் அழைப்பை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றிற்கு அறுபடாமல் ஒப்படைக்க, இரு வலையமைப்புகளும் நெருங்கி இணைக்கப்பட வேண்டும். இல்லையேல் எல்லையில் அழைப்பு அறுந்து மீண்டும் தொடங்கும். பிறர் வலையமைப்பில் உள்ள செல்பேசி தன் நிறுவன அலையைக் குறித்த கால இடைவெளியில்தான் தேடும். ஆதலால் திரும்பி வருவதிலும் தாமதம் நேரும். கூடுதல் வாடிக்கையாளரைத் தாங்கும் திறனும், தடையில்லா மின்சாரமும் கோபுரத்திற்கு வேண்டும்.

மாவட்ட அலுவலர்கள் தம் பகுதியில் "கோபுரம் உள்ளதா?" என்று மட்டும் வினவாது, "அக்கோபுரத்தால் எத்தனை நிறுவனங்களின் வாடிக்கையாளர் பயன் பெறுகின்றனர்? எந்தச் செல்லில் அழைப்புகள் மிகுதியாக அறுபடுகின்றன?" எனவும் வினவுதல் நலம். கோபுரங்களுக்கிடையே கைமாற்றம் செய்யும் கலையைப் பொறியியல் அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுத் தந்துவிட்டது. நிறுவனங்களுக்கிடையே அதனைச் சாதிப்பது ஆட்சித் திறனும் நல்ல கொள்கையும் ஆற்ற வேண்டிய பணியாகும். மலைக்கிராமத்தில் நோயாளிக்காக உதவி கோருபவர், தம் கையிலுள்ள சிம் எந்த நிறுவனத்தினுடையது என்பதால் கைவிடப்படலாகாது.